நிரம்பி வழிந்த தபால் பெட்டி

“அம்மா, அந்தக் காலேஜிலேருந்து லெட்டர் அனுப்பிப் பத்து நாள் ஆச்சாம்மா!”

போனைக் கையில் பிடித்தபடி என் மகள் சமையலறை வாசலில் வந்து நின்றபோது, நான் குழம்புக்குப் பூண்டு உரித்துக் கொண்டிருந்தேன். 2025-ம் ஆண்டு ஜூலை மாதம். பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்சிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்ற பெண். சென்டாக்கில் ஒரு விண்ணப்பம், தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மூன்று தனியார் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் என்று போட்டுவிட்டு, அந்தக் காலத்தில் தபால்காரரை எதிர்பார்த்த மாதிரி வீடு முழுவதும் போனையே பார்த்துக் கொண்டிருந்த நேரம்.

“எந்த லெட்டர்? ஒண்ணும் வரலியே!”

“மெயில்ல அனுப்பினாங்களாம். பெட்டி நிரம்பிப் போச்சுன்னு அவங்களுக்கே திரும்பிப் போயிடுச்சாம். சர்ட்டிபிகேட் சரி பார்க்கிற தேதி முந்தா நாளோட முடிஞ்சு போச்சாம்மா.”

என் வீட்டுக்காரர் உடனே அந்தக் கல்லூரிக்குப் போன் போட்டார். அங்கே பேசிய அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். “நாங்க அனுப்பிட்டோம் சார். திரும்பி வந்ததுக்கு நாங்க என்ன செய்யறது?” என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த இடம் போனது போனதுதான். அன்றிரவு என் பெண் சாப்பிடவில்லை. வீட்டில் யாரும் யாரையும் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

அப்புறம் ஒரு மாதத்தில் அவளுக்கு வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தது, படித்துக் கொண்டிருக்கிறாள். ஆனாலும் அந்த ராத்திரி என் மனத்தை விட்டுப் போகவில்லை. “எப்படி நடந்தது?” என்று ஒரு வாரம் உட்கார்ந்து குடைந்தேன். நான் பத்தாவதோடு நின்றவள். கம்ப்யூட்டர் வகுப்புக்கெல்லாம் போனதில்லை. ஆனால் அரிசி டின்னில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவளுக்கு இது புரியாதா என்ன? புரிந்தது. நம்மைப் போன்ற மற்ற சகோதரிகளுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு மெயில் முகவரியைத் தேர்ந்தெடுத்தது யார்? புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். குழந்தையைப் பள்ளியில் சேர்க்க ஊரெல்லாம் விசாரிக்கிறோம். மெயில் மட்டும்? எங்கள் வீட்டில் அதைத் தேர்ந்தெடுத்தது ஒரு கடைப் பையன்! 2016-ல் இவர் முதன் முதலாகத் தொடு திரை போன் வாங்கினபோது, “சார், இது இல்லாம போன் ஓடாது” என்று அவனே இவருடைய பெயரோடு ஏதோ நாலு எண்ணைச் சேர்த்து ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டான். காஸ் புக்கிங், கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருத்துவ ரிப்போர்ட், கடைசியில் மகளின் கல்லூரி விண்ணப்பம் வரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு முகவரிதான். அதாவது, இவர் பெயரில் பெட்டி, கடைப் பையன் வைத்த பூட்டு, வீடு முழுவதற்கும் அதுவே!

அந்தப் பெட்டி ஏன் நிரம்பியது தெரியுமா? ஜிமெயிலில் இலவசமாகக் கொடுப்பது 15 ஜிபி இடம். கேட்டால் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 15 கடிதங்களுக்கு மட்டும் அல்ல. போனிலிருந்து தானாகவே மேலே ஏறுகிற போட்டோக்களுக்கும், டிரைவ் என்று ஒன்று இருக்கிறதே அதற்கும் சேர்த்துத்தான். ஒரே பரணில் மூன்று குடித்தனக்காரர்கள் சாமான் போட்டு வைத்த மாதிரி! 2021 ஜூன் 1-ம் தேதிக்கு முன்னால் சாதாரணத் தரத்தில் ஏற்றிய போட்டோக்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஏறுகிற ஒவ்வொரு படத்துக்கும் கணக்கு உண்டு. 2024-லிருந்து ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் எடுத்து வைக்கிற பிரதியும் இதே பரணுக்குத்தான் வருகிறது.

நான் எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தேன். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அதிலேயே காட்டுகிறது. கடிதங்கள் ஒன்றரை ஜிபி. போட்டோக்கள் எட்டு. மிச்சம் அத்தனையும் வாட்ஸ்அப்! அதில் என்ன இருந்தது என்கிறீர்கள்? காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, குத்துவிளக்கு, வெள்ளிக்கிழமை அம்மன், யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை ஆடுகிற வீடியோ. என் மகளின் கல்லூரிக் கடிதத்துக்கு இடம் இல்லை என்று திருப்பி அனுப்பியது அந்த ரோஜாப்பூக்கள்தான். ‘இடம் நிரம்பப் போகிறது’ என்று மாதக் கணக்கில் அது எச்சரித்துக் கொண்டுதான் இருந்தது. இவர் அதைத் தள்ளித் தள்ளி விட்டிருக்கிறார்.

“மாசம் 130 ரூபாதானே, கட்டிட்டாப் போச்சு!” என்றார் இவர். அன்றிரவே கட்டினார். 15 ஜிபி 100 ஜிபி ஆயிற்று. அடுத்த நிமிடமே பெட்டி திறந்து கொண்டது, மறுநாள் காலையிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 1,300 என்று காட்டியது. எங்கள் வீட்டுக்கு அது ஒரு காஸ் சிலிண்டரும் மேலே கொஞ்சமும். பெரிய தொகை இல்லை என்று சொல்பவர்கள் இருக்கலாம். எனக்குத் தொகை பெரிதாகப் படவில்லை. வேறொன்று உறுத்தியது.

இடம் நெருக்கடி என்று ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடிக்கிறோம் என்று வையுங்கள். இடம் இருக்கிறதே என்று சாமானைப் போட்டுக் கொண்டே போவோம். 60 ஜிபி சேர்ந்த பிறகு ஒரு மாதம் பணம் கட்டாமல் விட்டால்? திரும்பவும் 15 தான் நமக்கு. அதற்கு மேலே இருப்பதை உடனே எடுத்து வீசிவிட மாட்டார்கள். ஆனால் புதுக் கடிதம் ஒன்றுகூட உள்ளே வராது. அளவுக்கு மிஞ்சிய நிலையிலேயே இரண்டு வருடம் விட்டுவிட்டால், உள்ளே இருப்பதையும் அழித்துவிடலாம் என்பது அவர்கள் விதி. ஆக, ஒரு தடவை சாமானை நிறைத்துவிட்டால் வாடகையை நிறுத்தவே முடியாது. இன்றைக்கு 130 ரூபாய், நாளைக்கு எவ்வளவு என்று சொல்வதும் அவர்கள்தான்.

“ஒரு மாசம் மட்டும் கட்டுங்க. அதுக்குள்ள நான் சுத்தம் பண்ணிடறேன்” என்று இவரிடம் சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினேன். மத்தியானம் எல்லோரும் தூங்குகிற ஒரு மணி நேரம் எனக்கு அதுதான் வேலை. மூன்று வாரம் ஆயிற்று.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் வாட்ஸ்அப். அதன் அமைப்பில் போய், பிரதி எடுக்கும்போது வீடியோக்களைச் சேர்க்க வேண்டாம் என்று நிறுத்தினேன். அதிலேயே பாதி பாரம் இறங்கிற்று. அடுத்து மெயிலில் வந்து குவிந்திருந்த துணிக்கடை, வங்கிக் கடன், லாட்டரி மாதிரி விளம்பரங்கள். ஒவ்வொன்றாக அழித்தால் ஆயுசு போதாது. ஒரு கடையின் பெயரைப் போட்டுத் தேடினால் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும், மொத்தமாகக் குறித்து அழித்துவிடலாம். கூடவே, ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லவும் அதிலேயே வழி இருக்கிறது. ஆனால் ஒன்று. அழித்தது உடனே போய்விடாது. குப்பைக் கூடையில் 30 நாள் உட்கார்ந்திருக்கும். அதுவரை இடத்தையும் அடைத்துக் கொண்டிருக்கும். கூடையையும் நாமேதான் காலி செய்ய வேண்டும். பெருக்கிய குப்பையைக் கதவு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு வீடு சுத்தம் என்று சொல்ல முடியுமா?

போட்டோ விஷயத்தில் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். மேலே இருப்பதை அழித்தால் போனில் இருப்பது அப்படியே இருக்கும் என்று நினைத்து, சரசரவென்று அழித்துக் கொண்டே போனேன். சாயந்திரம் மாமியார் வந்து, “அறுபதாங் கல்யாணப் போட்டோவைக் காட்டுடி” என்றார். போனில் இல்லை! எனக்குக் கை கால் உதறிவிட்டது. அந்த போட்டோ செயலியில் அழித்தால் மேலேயும் போய்விடும், போனிலிருந்தும் போய்விடும். நல்ல வேளை, மேலே ஏறிய போட்டோக்கள் கூடையில் 60 நாள் இருக்கும் என்பதால் மீட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் மகனைக் கூப்பிட்டு, எல்லாப் படங்களையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றை பீரோவிலும் ஒன்றை என் தாய் வீட்டிலும் வைத்த பிறகு அழித்தேன். நீங்கள் இந்த வேலையில் இறங்கினால் பிரதி எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

மூன்று வாரத்தில் 15 போய் 4 ஜிபி ஆயிற்று. மாதா மாதம் தானாகப் பணம் போகிற ஏற்பாட்டை நானே ரத்து செய்தேன். அந்த 130 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா போகவில்லை.

பணம் கட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள், வாரா வாரம் வீடியோ வருகிறது, எதையும் அழிக்க மனசில்லை என்றால் கட்டத்தான் வேண்டும். அப்படிக் கட்டினாலும் வீட்டில் ஆளுக்கு ஆள் கட்ட வேண்டாம். ஒருவர் கட்டினால் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேர் அந்த இடத்தைப் பங்கு போட்டுக் கொள்ளலாம். இடம்தான் பொது. ஒருவர் கடிதத்தை மற்றவர் பார்க்க முடியாது. எங்கள் உறவில் ஒரு வீட்டில் அண்ணன், தம்பி, மருமகள் என்று மூன்று பேர் தனித்தனியாக மாதம் 130 கட்டிக் கொண்டிருந்தார்கள்!

‘பெட்டி நிரம்பிவிட்டது’ என்ற சொல் எங்கள் வீட்டுக்கு அப்படியொன்றும் புதிதும் அல்ல. 2004 பிப்ரவரியில் என் மகன் பிறந்தபோது, என் கொழுந்தனார் பாரீஸில் இருந்தார். அண்ணன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. போனில் படம் அனுப்புகிற காலமா அது? இவர் பாகூரிலிருந்து பஸ் பிடித்து 20 கிலோ மீட்டர் பாண்டிக்குப் போய், ஒரு ஸ்டூடியோவில் போட்டோவை ஸ்கேன் செய்து, பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, தம்பியின் ஹாட்மெயில் முகவரிக்கு அனுப்பினார். மறுநாள் போய்ப் பார்த்தால் திரும்பி வந்திருந்தது. மூன்று தடவை அனுப்பினார், மூன்று தடவையும் அப்படியே. ஏனென்றால் அப்போது ஹாட்மெயிலில் இலவசமாகக் கொடுத்த இடம் மொத்தமே 2 எம்பி! யாஹூவில் 4 எம்பி. இன்றைக்கு நம் போனில் எடுக்கிற ஒரு போட்டோவே அதை அடைத்துவிடும். கடைசியில் சாதாரணத் தபாலில் அனுப்பி, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் கொழுந்தனார் பார்த்தார்.

அந்த ஹாட்மெயிலை ஆரம்பித்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா, நண்பர் ஜாக் ஸ்மித்துடன் சேர்ந்து 1996 ஜூலை 4-ம் தேதி அதைத் தொடங்கினார். எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலிருந்தும் நம் கடிதத்தைத் திறந்து படிக்கலாம் என்பதுதான் அதிலிருந்த புதுமை. அடுத்த வருடக் கடைசியிலேயே மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதை வாங்கிவிட்டது. இன்றைக்கு அதற்குப் பெயர் அவுட்லுக். 2004 ஏப்ரல் 1-ம் தேதி கூகுள் கம்பெனி 1 ஜிபி இடத்தோடு ஜிமெயில் தருகிறோம் என்று சொன்னபோது, முட்டாள்கள் தினத்துக் கேலி என்றே பலர் நினைத்தார்களாம். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சரி, மகளுக்கென்று தனியாக ஒரு முகவரி வேண்டும் என்று முடிவு செய்தாயிற்று. எங்கே எடுப்பது?

கொழுந்தனார் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஆயுத பூஜைக்கு வந்தவனைத் திண்ணையில் பிடித்து உட்கார வைத்தேன். “பெரியம்மா, எல்லாமே ஒண்ணுதான். ஃப்ரீதானே, எதையாவது எடுங்க” என்றான். படித்த பிள்ளைகள் இப்படித்தான் சொல்கிறார்கள்! “ஃப்ரீயா குடுக்கிறவன் எதுக்குடா குடுக்கிறான், அதைச் சொல்லு முதல்ல” என்றேன். சிரித்துவிட்டு, அப்புறம்தான் விவரமாகச் சொன்னான்.

யாஹூ பழைய பெயர்தான். ஆனால் பெட்டிக்குள்ளேயே விளம்பரம் கடிதம் மாதிரி வந்து உட்காருகிறது. 2013-ல் அதில் கணக்கு வைத்திருந்த 300 கோடிக் கணக்குகளின் விவரங்களும் திருடு போயின. கம்பெனியே அதை வெளியில் சொல்ல மூன்று வருடம் ஆயிற்று, முழு எண்ணிக்கையைச் சொல்ல நான்கு வருடம். அதோடு, 12 மாதம் திறந்து பார்க்காமல் விட்டால் பெட்டியைக் காலி செய்துவிடுவார்கள். எனக்கு அது சரிப்படவில்லை.

புரோட்டான் என்று ஒன்று, சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவாவிலிருந்து நடத்துகிறார்கள். நம் கடிதத்தை அந்தக் கம்பெனிக்காரர்களாலேயே பிரித்துப் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிறார்களாம். இலவசக் கணக்கில் இடம் 1 ஜிபி தான். கேட்கும்போது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அவர்கள் கொடுக்கிற மீட்புச் சொற்களை எடுத்து வைக்காமல் கடவுச்சொல்லை மறந்துவிட்டால், புதுச் சொல் வாங்கிக் கொண்டு உள்ளே போகலாமே தவிர, பழைய கடிதங்களைத் திறக்க முடியாது. பூட்டுக்காரனிடமே மாற்றுச் சாவி கிடையாது! காஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஏறின பிறகு யோசிக்கிற எனக்கு அது ஆகாது. பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள் போன்றவர்களுக்கு அது ஏற்றது.

ஜோஹோவைப் பற்றி நானே பேப்பரில் படித்திருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு 1996-ல் வேறு பெயரில் தொடங்கின கம்பெனி. சென்னையை அடுத்துத் தலைமையிடம், தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்திலும் அலுவலகம். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேருடைய மெயிலை இவர்கள் ஏற்பாட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று 2025 அக்டோபரில் செய்தி வந்ததே, அதே கம்பெனிதான். இலவசக் கணக்கில் 5 ஜிபி. விளம்பரம் கிடையாது. கிராமத்தில் இருந்துகொண்டு இவ்வளவு செய்கிறார்களே என்று ஒரு பெருமை இருந்தாலும், பெருமைக்காக மட்டும் பெண்ணின் சர்ட்டிபிகேட்டுகளை ஒப்படைக்க முடியுமா? யோசித்தேன்.

15 எங்கே, 5 எங்கே என்று முதலில் தோன்றியது. பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த 5-க்குள் எங்கள் வீட்டுப் போன் போட்டோவைக் கொண்டு போய்த் தள்ளாது, வாட்ஸ்அப் நுழையாது. கடிதம் மட்டும்தான் வரும். ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டுக் கடிதங்கள் மொத்தமும் சேர்ந்து ஒன்றரை ஜிபிதானே! அப்படியானால் 5 என்பது எங்களுக்கு இருபது, முப்பது வருடத்துக்கு வரும். எவ்வளவு இடம் என்று பார்த்துக் கொண்டிருந்தேனே தவிர, அந்த இடத்தில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

இப்போது மகளுக்கு இரண்டு முகவரி. ஆண்ட்ராய்டு போனுக்குக் கூகுள் கணக்கு எப்படியும் தேவை என்பதால் ஜிமெயில் ஒன்று. அது போட்டோவுக்கும் விளையாட்டுக்கும் கடைகளுக்கும். கல்லூரி, வங்கி, சர்ட்டிபிகேட், விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஜோஹோ. அதன் செயலியைப் போனில் போட்டு, கடிதம் வந்தால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறாள். பெயர் வைக்கும்போது நான் குறுக்கிட்டேன். போனில் ஒருவருக்குச் சொன்னால் அவர் எழுதிக் கொள்ள முடிய வேண்டும். கோடு, புள்ளி, பிறந்த வருடம் எதுவும் வேண்டாம் என்றேன். அவளுடைய பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். நாளைக்கு வேலைக்கு மனுப் போடும்போது ‘ஏஞ்சல்’, ‘பிரின்சஸ்’ என்றெல்லாம் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

எங்கள் தெருவில் ஊறுகாய், வடகம் போட்டு விற்கிற ஒரு தோழி, “கடைப் பேரிலேயே முகவரி வேணும்க்கா, முடியுமா?” என்று கேட்டாள். முடியும். இணையத்தில் அந்தப் பெயரை வருடக் கட்டணம் கட்டிப் பதிவு செய்து கொண்டால், அதற்கு மெயில் பெட்டி ஐந்து பேர் வரை ஜோஹோவில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். அவர்களுடைய சொந்தச் செயலியிலும் வலைத்தளத்திலும் மட்டும்தான் பார்க்க முடியும், வேறு மெயில் செயலியில் இணைத்துப் பார்க்க வேண்டும் என்றால்தான் காசு. வியாபாரம் பெருகட்டும், அப்புறம் கட்டலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை எனக்குக் கற்றுக் கொடுத்தது எதிர் வீட்டு ஆயா. எண்பது வயது. அவருடைய புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. உயிரோடு இருக்கிறேன் என்று வருடா வருடம் சான்று அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு பிரௌசிங் சென்டரில் மெயில் திறந்து கொடுத்தார்கள். திறந்தவர் கடவுச்சொல்லைத் தானே வைத்துக் கொண்டு, போன் எண்ணுக்கும் தன் எண்ணையே போட்டுவிட்டார். வேண்டுமென்று செய்தது அல்ல, அவசரத்தில் செய்தது. கொஞ்ச நாளில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள், ஆளும் ஊரில் இல்லை. ஆயாவுக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் யாராலும் திறக்க முடியாத பெட்டியில்! மறந்துபோன சொல்லை மாற்றலாம் என்றால், ரகசிய எண் அந்த மனிதருடைய போனுக்குத்தான் போகிறது. பேரன் பாண்டிக்கும் வீட்டுக்கும் மூன்று மாதம் அலைந்து வேறு முகவரி பதிவு செய்தான். அந்த மூன்று மாதமும் ஆயா கடையில் கடன் சொல்லித்தான் காலம் தள்ளினார்.

என் தாய் வீடு ஏம்பலம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமையிடமாக வைத்து எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கினபோது, ஏம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே ஒன்று வந்தது. போன் லைன் சரியாக இருக்காது என்று வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்புவார்கள். நம்மைப் போன்ற பெண்கள்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை வாங்கி, நெல் விலை, மருத்துவ முகாம் என்று எல்லோருக்கும் சொல்வார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அன்றைக்கு ஊருக்கெல்லாம் ஒரே பெட்டி, சாவி யார் கையில் இருந்தாலும் கவலை இல்லை. எல்லோரும் கேட்கிற செய்திதான். இன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் பென்ஷன் இருக்கிறது, பெண்ணின் படிப்பு இருக்கிறது.

அதனால், கணக்கு எங்கே திறந்தாலும் நம் போன் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் விடாமல் ரீசார்ஜ் செய்கிற எண்ணை. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது போய்விடும், கூடவே நம் பெட்டியின் சாவியும். ஜிமெயிலில் இரட்டைப் பூட்டுப் போட்டால், போன் தொலைந்து போனால் உதவட்டும் என்று எட்டு இலக்கத்தில் பத்து எண்களைத் தருகிறார்கள். நான் அதைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு, பத்திரம் இருக்கிற பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். பச்சை மையால் எழுதினேன், யாருக்கும் அது என்னவென்று புரியாது!

கணக்கை ரொம்ப நாள் திறக்காவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கவும் கூகுளில் இடம் இருக்கிறது. இவரைச் செய்யச் சொன்னேன். “இப்பவே எதுக்கு அபசகுனமா?” என்று முகத்தைத் திருப்பிக் கொண்டார். எல்.ஐ.சி. எடுக்கும்போது என் பெயரை எழுதினாரே, அது மட்டும் சகுனமா? நாலு நாள் கழித்துத் தானே வந்து செய்து கொடுத்தார்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை பிறந்ததும் அதன் பெயரில் ஒரு முகவரி எடுத்து, முதல் பல், முதல் அடி என்று எழுதிப் போடுகிற வழக்கம் இப்போது வந்திருக்கிறது. ஆசையான வழக்கம்தான். ஆனால் 13 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கூகுளில் பெற்றோர் மேற்பார்வையில்தான் கணக்கு. பொய் வயது போட்டுத் திறக்காதீர்கள். அதோடு, இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை அழிக்கிற விதியை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டாவது குழந்தை பிறந்த வேலையில் முதல் குழந்தையின் பெட்டியை மறந்தால், முதல் பல்லும் முதல் அடியும் போய்விடும்.

இன்னொன்று. ‘உங்கள் இடம் நிரம்பிவிட்டது, இங்கே தொடுங்கள்’ என்று கடிதமாகவே வரும். போன மாதம் எனக்கே வந்தது, கூகுளின் அடையாளமெல்லாம் போட்டு! அது திருடர்களின் வேலை. கடிதத்தில் இருப்பதைத் தொடாமல், நாமாகக் கணக்கைத் திறந்து எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இப்போது நான் அமாவாசைக்கு அமாவாசை, விளக்குத் தேய்க்கிற அன்றைக்கு, இவருடைய பெட்டியையும் ஒரு தடவை திறந்து துடைத்துவிடுகிறேன். இந்த மாதம் பார்த்தால் 4 ஜிபி 5 ஆகியிருந்தது. என்னடா இது என்று தேடினால், மாமியாருக்குப் பேரன் புது போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில் அந்தக் கடைப் பையன் மாதிரியே, இவருடைய கணக்கைப் போட்டு வைத்திருக்கிறான்!

“அத்தே, உங்களுக்குத் தனியா ஒரு மெயில் திறந்துடலாமா?” என்றேன்.

“திற. ஆனா சாவியை எங்கிட்டக் குடுத்துடணும்” என்றார்.